பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டங்களும் நிலங்களும் வடிவமைப்பதை வாழ்நாள் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் தலைமுறை அமெரிக்கப் பெண்களில் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் முக்கியமானவர். அவரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

யாருங்க இவங்க? முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

1872இல் நியூயார்க்கில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் பியாட்ரிக்ஸ் ஜோன்ஸ். 1890களின் நடுவில், தாயார் வீட்டின் மேல்மாடியில் அலுவலகம் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். 1959இல் மறைந்தார். சுமார் ஐம்பது ஆண்டுகளில் நூறுக்கும் மேற்பட்ட வேலைகள்: தனியார் மாளிகைத் தோட்டங்கள், பிரின்ஸ்டன், யேல், சிகாகோ போன்ற பல்கலைக்கழக வளாகங்கள், வெள்ளை மாளிகையில் ஒரு தோட்டம், வாஷிங்டனில் இருக்கும் டம்பார்ட்டன் ஓக்ஸ் மாளிகைத் தோட்டம். கடைசியில் சொன்னதுதான் அவர் பெயரை இன்றைக்கும் நிற்க வைத்திருக்கிறது.

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்னா தோட்டக்காரர்தானே? பேர்தான் பெருசா வெச்சிருக்காங்களா?

இல்லை. செடி வளர்ப்பது அந்த வேலையில் ஒரு பகுதிதான். மண்ணை எங்கே வெட்டுவது, எங்கே நிரப்புவது, மழைநீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், பாதை எங்கே திரும்ப வேண்டும், சுவரும் படிக்கட்டும் என்ன உயரத்தில் வர வேண்டும், இன்றைக்கு நடும் கன்று முப்பது வருடம் கழித்து எவ்வளவு நிழல் விழுத்தும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். அளவெடுக்கத் தெரிய வேண்டும், வரைபடம் போடத் தெரிய வேண்டும், கொத்தனாரிடமும் பேசத் தெரிய வேண்டும்.

ஆனால் ஃபாரண்டுக்கே ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆர்க்கிடெக்ட் என்றால் கட்டடம் கட்டுகிறவர், நான் தோட்டம் போடுகிறவள் என்பது அவர் எண்ணம். ‘லேண்ட்ஸ்கேப் கார்டனர்’ என்ற பழைய பெயரையே கடைசிவரை சொல்லிக்கொண்டார். அதைத் தன்னடக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. செடி என்பது வளரும், சாகும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற நினைப்பு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அவர் செய்த ஒவ்வொரு வேலையிலும் அது தெரியும். கீழே பல பதில்களில் திரும்ப இதற்கு வருவேன்.

அந்தக் காலத்துல இதுக்குக் காலேஜ் இருந்துச்சா? எங்க படிச்சாங்க?

அவர் கற்றுக்கொள்ள நினைத்தபோது அமெரிக்காவில் இதற்கென்று ஒரு பட்டப்படிப்பும் இல்லை. ஹார்வர்டில் 1900இல்தான் தொடங்கினார்கள், அதிலும் ஆண்களுக்கு மட்டுமே இடம். அதனால் ஆசிரியரைத் தேடிப் போய்ப் படித்தார். பாஸ்டனில் இருக்கும் ஆர்னால்ட் ஆர்போரீட்டம் என்ற மரப்பூங்காவின் இயக்குநர் சார்ல்ஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட், அன்றைய அமெரிக்காவில் மரங்களைப் பற்றி அதிகம் அறிந்த மனிதர்களில் ஒருவர். 1893இல் அவர் வீட்டிலேயே தங்கி ஃபாரண்ட் மரங்களைப் படித்தார். இலை, பட்டை, வேர், மண் என்று கையால் தொட்டுப் படித்த படிப்பு அது. வரைபடமும் நில அளவையும் கற்க, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர் வில்லியம் வேரிடம் தனியாகப் பாடம் எடுத்துக்கொண்டார்.

1895இல் ஐரோப்பா போய்த் தோட்டம் தோட்டமாகப் பார்த்தார். இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீக்கிலைச் சந்தித்தது அந்தப் பயணத்தில்தான். ஓவியரைப் போல வண்ணம் பார்த்துப் பூச்செடிகளைத் திட்டுத் திட்டாக ஒன்றோடொன்று கலக்கவிடுவது ஜீக்கிலின் பாணி. அதை ஃபாரண்ட் நன்றாக உள்வாங்கிக்கொண்டார். சார்ஜென்ட் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்: திட்டத்தை நிலத்துக்கு ஏற்ப மாற்று, திட்டத்துக்காக நிலத்தை முறுக்காதே.

பணக்கார வீட்டுப் பொண்ணு. அதனாலதானே எல்லாம் நடந்துச்சு?

பாதி உண்மை, மறுக்க முடியாது. நியூயார்க்கின் மேல்தட்டுக் குடும்பம். ஐரோப்பா போக வசதி இருந்தது, சார்ஜென்ட் வீட்டுக் கதவு திறந்ததற்கும் அந்தப் பழக்கவழக்கம் காரணம். ஆரம்பத்தில் வேலை கொடுத்தவர்களும் பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள்தான். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இந்த வழி திறந்திருக்காது.

மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். அதே வசதியோடு அதே தெருக்களில் வளர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் அலுவலகம் போட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்து, கணக்கு எழுதி, மழையில் நின்று மண் வெட்டுவதை மேற்பார்த்தவர்கள் மிகக் குறைவு. அந்த வட்டத்தில் ஒரு பெண் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வதே முகஞ்சுளிக்க வைக்கும் விஷயம். அவர் பொழுதுபோக்காகச் செய்யவில்லை, தொழிலாகச் செய்தார்.

நாவலாசிரியர் எடித் வார்ட்டன் இவங்களுக்குச் சொந்தமாமே?

ஆமாம், அப்பாவின் தங்கை. அதாவது சொந்த அத்தை. வயதில் பத்து வருடம்தான் மூத்தவர், அதனால் தோழி மாதிரியும் இருந்தார். ஃபாரண்டின் பெற்றோர் பிரிந்தபோது அத்தை அம்மா பக்கம்தான் நின்றார். மாசசூசெட்ஸில் வார்ட்டன் கட்டிய ‘தி மவுண்ட்’ வீட்டுக்கு வண்டிப்பாதையும் காய்கறித் தோட்டமும் மருமகள் வடிவமைத்தவை. மற்றத் தோட்டங்களை அத்தை தானே பார்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் முதல் பெண் இவங்கதான்னு போட்டிருக்காங்க. சரியா?

‘முதல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: 1899இல் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள் சங்கம் தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்கள் 11 பேர். அதில் ஒரே பெண் இவர். அப்போது வயது 26. தொழில் தொடங்கி நாலு வருடம்கூட ஆகியிருக்காது.

ஆனால் தனி ஒருவராக நின்றார் என்று சொல்வது அநியாயம். எலன் பிடில் ஷிப்மன், மார்த்தா புரூக்ஸ் ஹட்சிசன், மரியன் காஃபின் எல்லாம் ஏறக்குறைய அதே காலத்தவர்கள். ஷிப்மன் தன் அலுவலகத்தில் பெண்களையே வேலைக்கு வைத்துப் பயிற்சி கொடுத்தார். ஃபாரண்ட் அலுவலகத்திலும் முக்கியமான உதவியாளர்கள் பெண்கள்தான். அவர்களில் ரூத் ஹேவி பின்னாளில் டம்பார்ட்டன் ஓக்ஸில் தானே பொறுப்பெடுத்து வடிவமைத்தார்.

பெண் என்பதால் கிடைக்காமல் போன வேலைகள் உண்டா?

அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். நகரப் பூங்காக்கள், பெரிய பொதுச் சாலைகள் போன்ற அரசு வேலைகள் அதில் அபூர்வம். அவையெல்லாம் ஆண்கள் நடத்திய நிறுவனங்களுக்கே போயின. பெண்ணுக்கு வீட்டுத் தோட்டம் போதும் என்பதுதான் அன்றைய எண்ணம். 1913இல் அதிபர் வில்சனின் மனைவி எலன் வில்சனுக்காக வெள்ளை மாளிகையின் கிழக்குத் தோட்டத்தை வடிவமைத்தார். 1916இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு ரோஜாத் தோட்டம் வரைந்தார். அது அவர் வரைந்தபடி முழுமையானது 1988இல், அவர் இறந்து 29 வருடம் கழித்து.

பல்கலைக்கழக வளாகங்களுக்குள் நுழைந்ததுதான் அவர் தாண்டிய பெரிய வேலி என்று நினைக்கிறேன். பெண் மாணவிகளையே சேர்க்காத பிரின்ஸ்டன், தன் நிலத்தை முப்பது வருடம் ஒரு பெண் கையில் கொடுத்திருந்தது.

யுனிவர்சிட்டியில என்ன பெருசா டிசைன்? புல்லும் நாலு மரமும்தானே?

பிரின்ஸ்டனில் 1912இலிருந்து 1943 வரை ஆலோசகராக இருந்தார். அங்கே கல்லால் கட்டிய கோதிக் பாணிக் கட்டடங்கள். சுவரோரம் அகலமாகப் பூப்பாத்தி போட்டால் நடக்கும் இடம் குறையும், கட்டடத்தின் அழகும் மறையும். அதனால் செடிகளைச் சுவர்மேல் தட்டையாகப் படரவிட்டார். கொடிகளை மட்டுமல்ல, மரஞ்செடிகளையும் கிளை கிளையாகக் கட்டிச் சுவரோடு ஒட்டி வளர்க்கும் முறை அது. பாத்தி ஒடுக்கமாக இருந்தாலே போதும், நடுவில் புல்வெளி அகலமாகத் திறந்து கிடக்கும்.

இன்னொன்று, கோடை விடுமுறையில் மாணவர் யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது பூத்து என்ன பயன்? வகுப்பு நடக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பூவோ நிறமோ காட்டும் செடிகளாகத் தேர்ந்தெடுத்தார். வளாகத்துக்கென்று நாற்றுப்பண்ணை வைத்து, சிறு கன்றுகளாக வாங்கி வளர்த்தெடுத்து நட்டார். செலவு குறைந்தது, அந்த மண்ணுக்குப் பழகிய செடியும் கிடைத்தது. மரத்தை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே வளாகத்தைச் சுற்றி வந்ததால் ‘புதர்க்காரம்மா’ என்ற அர்த்தத்தில் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அங்கே தேவாலயத்தின் பக்கத்தில் அவர் நினைவாக ஒரு கல் இருக்கை இருக்கிறது.

கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுட்டாங்களா?

விடவில்லை. 1913 டிசம்பரில், 41 வயதில், யேலில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த மேக்ஸ் ஃபாரண்டை மணந்தார். 1927இல் கணவர் கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தின் முதல் இயக்குநர் ஆனார். வீடு மேற்குக் கரைக்குப் போனது, இவருடைய வேலைகளோ கிழக்குக் கரையில். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலில் போய்வந்து கொண்டே இருந்தார், ரயிலிலும் வேலை செய்தார். அந்த வருடங்களில்தான் டம்பார்ட்டன் ஓக்ஸும் உருவாகிக்கொண்டிருந்தது.

டம்பார்ட்டன் ஓக்ஸ்ல அப்படி என்ன இருக்கு?

வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் மேட்டில் இருக்கும் பழைய மாளிகை. 1920இல் ராபர்ட் வுட்ஸ் பிளிஸ், மில்ட்ரட் பிளிஸ் தம்பதி அதை வாங்கினார்கள். மொத்தம் 50 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வீட்டைத் தாண்டினால் நிலம் செங்குத்தாகச் சரிந்து கீழே ஓடைக்குப் போகிறது. சார்ஜென்ட் சொன்ன பாடம் இங்கேதான் முழுசாக விளைந்தது. சரிவை நிரப்பிச் சமமாக்காமல், படிப்படியாகத் தளங்கள் வெட்டினார். வீட்டோரம் கல் பாவிய, நேர்கோடான தளங்கள். ஒவ்வொரு தளம் இறங்க இறங்கக் கோடுகள் நெகிழும். ரோஜாத் தோட்டம், நீரூற்றுத் தளம், குட்டியான திறந்தவெளி அரங்கோடு ஒரு குளம், காய்கறித் தோட்டம், பழமரச் சரிவு, அப்புறம் காடும் ஓடையும். எந்த இடத்தில் தோட்டம் முடிந்து காடு தொடங்கியது என்று சொல்ல முடியாது. படத்தில் பார்த்தால் இது புரியாது, இறங்கி நடந்தால்தான் புரியும்.

வேலை மும்முரமாக நடந்த காலத்தில் பெரும்பாலும் உரிமையாளர்கள் ஊரில் இல்லை. ராபர்ட் பிளிஸ் தூதராக ஸ்வீடனிலும் பிறகு அர்ஜென்டினாவிலும் இருந்தார். மில்ட்ரடும் ஃபாரண்டும் கடிதத்திலேயே தோட்டம் போட்டார்கள். இருவரும் நெருங்கிய தோழிகள் ஆனார்கள். கல்லில் செதுக்கும் முன்னால் வாயில், இருக்கை, தூண் அலங்காரம் எல்லாவற்றையும் மரத்திலும் துணியிலும் நிஜ அளவில் மாதிரி செய்து, அந்தந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பார் ஃபாரண்ட். பிடிக்காவிட்டால் இன்னொன்று. இப்படி 25 வருடத்துக்கு மேல் ஓடியது.

அங்கதான் ஐநா சபை பிறந்ததுன்னு சொல்றாங்களே?

1944 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா நாட்டுப் பிரதிநிதிகள் அந்த மாளிகையில் பேசி ஐநாவின் வரைவுத் திட்டத்தை உருவாக்கினார்கள். சபை முறைப்படி பிறந்தது அடுத்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில். அந்த மாநாட்டுக்கும் ஃபாரண்டுக்கும் தொடர்பு இல்லை.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, ஒரு கை தள்ளி உண்டு. அவர் இங்கிலாந்தில் செய்த ஒரே பெரிய வேலை டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் ஹால், 1933 முதல் 1938 வரை. அதன் உரிமையாளர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு சேர்ந்து 1922இல் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதன் கிராமச் சீரமைப்பு மையத்தைத் தொடங்கியவர். அங்கே பெற்ற உந்துதலோடுதான் அவரும் மனைவி டாரதியும் டார்ட்டிங்டனை வாங்கினார்கள்.

14ஆம் நூற்றாண்டின் பழைய முற்றம் அது. ஃபாரண்ட் அங்கே சேர்த்ததைவிட அகற்றியது அதிகம். நடுவில் வெறும் புல்லும், சுற்றிக் கல் பாவிய பாதையும், சுவரோரம் அளவாகச் செடியும் விட்டார். பழைய கட்டடம் தானாகவே பேசட்டும் என்ற முடிவு. பக்கத்துக் காட்டில் நடைபாதைகள் வகுத்தார். போர் வந்ததால் அந்த வேலை மேலே தொடரவில்லை.

நாட்டுச் செடி மட்டும்தான் நடுவாங்களாமே?

‘மட்டும்’ இல்லை. சொந்த மண்ணின் மரங்களுக்கே முதலிடம் கொடுத்தார், அது உண்மை. மெய்ன் மாநிலத்தில் மவுண்ட் டெசர்ட் தீவில் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், இன்றைய அகாடியா தேசியப் பூங்காவுக்குள் குதிரைவண்டிப் பாதைகள் அமைத்தார். பாதை வெட்டிய காயம் தெரியாமல் ஓரங்களில் என்ன நடுவது, எந்த வளைவில் கடல் தெரியும்படி விடுவது என்று ஃபாரண்ட் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அங்கே நட்டது பெரும்பாலும் அந்தத் தீவின் தாவரங்கள். இன்று நடப்பவருக்கு அது மனிதர் நட்டது என்றே தோன்றாது.

அதே தீவில் ராக்ஃபெல்லரின் மனைவி ஆபிக்காக 1926 முதல் அமைத்த தோட்டத்தைப் பாருங்கள். பெய்ஜிங்கிலிருந்து வந்த மஞ்சள் ஓடு வேய்ந்த சீன மதில், வட்டவடிவ நிலவு வாசல், பாசி படர்ந்த காட்டுப் பாதையில் கொரியக் கற்சிலைகள், உள்ளே ஜீக்கில் பாணிப் பூப்பாத்திகள். வெளியே சுற்றிலும் உள்ளூர் மரங்களின் காடு. நான்கு நாட்டுப் பொருள்கள் கூடியும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

தோட்டம்னா சில வருஷத்துல மாறிடும். அப்புறம் எதை அவங்க வேலைன்னு சொல்றது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஃபாரண்டே இதை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார். 1940இல் பிளிஸ் தம்பதி மாளிகையையும் மேல் தோட்டங்களையும் ஹார்வர்டுக்குக் கொடுத்தார்கள். ஓடைப்பக்கம் 27 ஏக்கர் பொதுப் பூங்காவானது. தோட்டத்தை அறிந்தவர்கள் கையிலிருந்து அறியாதவர்கள் கைக்குப் போகிறது. அப்போது எழுபதை நெருங்கிய ஃபாரண்ட் உட்கார்ந்து தளம் தளமாக ஒரு கையேடு எழுதினார். எந்த மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் எதை வைக்கலாம், எதைக் கத்தரித்து அடக்கி வைக்க வேண்டும், எதை அதன் போக்கில் விடலாம், எந்த இடத்தில் ஏன் அந்த உயரம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பராமரிப்புச் செலவைக் குறைக்க நேர்ந்தால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்றுகூட யோசித்திருக்கிறார். 1980இல் அது புத்தகமாக வந்தது.

அதனால் என் பதில்: செடிகள் அல்ல, அவை நின்ற காரணம்தான் அவர் வேலை. அதே செடி இல்லாவிட்டாலும் அதே காரணத்துக்கு வேறு செடி நிற்கலாம். கையேடு இல்லாத அவருடைய தோட்டங்கள் பலவும் வாரிசுகள் விற்றதும் மறைந்துவிட்டன. கையேடு இருந்த தோட்டம் நிற்கிறது. ஹார்வர்டின் பணமும் ஒரு காரணம்தான், ஆனால் பணம் மட்டும் எதை எங்கே நடுவது என்று சொல்லாது.

அப்படிப்பட்டவங்க தன் சொந்தத் தோட்டத்தையே ஏன் பிரிச்சுப் போட்டாங்க?

மவுண்ட் டெசர்ட் தீவின் பார் ஹார்பர் ஊரில் ரீஃப் பாயிண்ட் என்பது குழந்தைப் பருவத்திலிருந்து அவர் வளர்ந்த கடற்கரை வீடு. அதைத் தாவரங்களும் நூலகமும் கொண்ட படிப்பு மையமாக்க வேண்டும் என்பது அவரும் கணவரும் கண்ட கனவு. 1945இல் கணவர் இறந்தார். 1947இல் தீவில் பெருந்தீ. ஊரின் வரி வருமானம் விழுந்தது, மையத்துக்கு வரிவிலக்கு கிடைக்கவில்லை. தனக்குப் பின் இதைச் சரியாக நடத்தப் பணமும் ஆளும் இருக்காது என்று 1955இல் தெரிந்துகொண்டார்.

பாழாகப் போவதைவிடக் கலைப்பதே மேல் என்று முடிவெடுத்தார். நூலகமும் ஆவணங்களும் பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. கெர்ட்ரூட் ஜீக்கிலின் வரைபடங்களும் அதில் அடக்கம். அவற்றைச் சில வருடங்கள் முன்னால் ஃபாரண்ட் தன் பணத்தில் வாங்கிக் காப்பாற்றியிருந்தார். செடிகளை சார்ல்ஸ் சாவேஜ் என்ற உள்ளூர்க்காரர் ராக்ஃபெல்லரின் பண உதவியோடு வாங்கி, அதே தீவில் அஸ்டிக்கோ அசேலியாத் தோட்டத்திலும் தூயா தோட்டத்திலும் நட்டார். வீடு இடிக்கப்பட்டது. இதைத் தோல்வி என்று பலர் எழுதுகிறார்கள். முந்தைய பதிலைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தோட்டத்தை விட்டுச்செல்ல மறுத்தார். வலித்திருக்கும், அதில் சந்தேகமில்லை.

இப்பப் போய்ப் பார்க்க என்ன மிச்சம் இருக்கு?

ஓரிடம்தான் பார்க்க முடியும் என்றால் டம்பார்ட்டன் ஓக்ஸ். ஓடைப்பக்கப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒரே வடிவமைப்பின் மேலும் கீழும். மெய்ன் போக முடிந்தால் அகாடியா பாதைகளில் நடக்கலாம். ஆபி ராக்ஃபெல்லர் தோட்டத்துக்குக் கோடையில் மட்டும், முன்பதிவு செய்து போக வேண்டும். அசேலியாத் தோட்டத்தில் ரீஃப் பாயிண்ட் செடிகளின் கூட்டம் இன்னும் பூக்கிறது.

அதே தீவில் கார்லண்ட் ஃபார்ம் என்ற சின்ன இடமும் உண்டு. ரீஃப் பாயிண்டைக் கலைத்த பிறகு, அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கார்லண்ட் தம்பதியின் பண்ணை வீட்டோடு ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டிக் குடிபோனார். இடித்த வீட்டின் கதவும் மரவேலைப்பாடும் அதில் பயன்பட்டன. பின்பக்கம் சின்னதாக ஒரு தளத் தோட்டம் போட்டு, ரீஃப் பாயிண்டிலிருந்து தனக்கு மிகவும் பிடித்த சில செடிகளை மட்டும் கொண்டுவந்து வைத்தார். 1959 பிப்ரவரியில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். இப்போது அவர் பெயரில் இருக்கும் ஒரு சங்கம் அந்த வீட்டையும் தோட்டத்தையும் பராமரிக்கிறது.